சிங்கப்பெருமாள் கோயிலில் மைனஸ் பதினெட்டு

ஹரிஹரனுக்கு வெளிநாட்டு மோகம் என்று யாராவது சொன்னால் கோபம் வந்துவிடும். "மோகம் இல்லீங்க, ஆராய்ச்சி" என்பான். அது பொய்யும் இல்லை. நாவலூரில் ஒரு கம்பெனியில் மென்பொருளைச் சோதிக்கிற வேலை அவனுக்கு. அடுத்தவன் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியதில் ஓட்டை கண்டுபிடித்துச் சொல்வதற்குச் சம்பளம். வருஷக்கணக்காக அதையே செய்தால் கை சும்மா இருக்குமா? உலகத்தில் இருக்கிற நாடுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டு ஓட்டை தேட ஆரம்பித்தான்.

ஆஸ்திரேலியாவில் வெயில். "செங்கல்பட்டு வெயிலுக்கு விசா எடுத்துகிட்டுப் போகணுமா?" என்று தள்ளிவிட்டான். நியூசிலாந்து ரொம்ப நாள் மனதில் இருந்தது. இதமான குளிர், சத்தம் போடாத சனம். ஒரு நாள் அங்கே பூமி லேசாக ஆடியதாகச் செய்தி வந்தது. கேளம்பாக்கத்தில் ஆறாவது மாடியில் உட்கார்ந்திருந்தவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். நியூசிலாந்து போச்சு. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கமாட்டார்களாம். தயிர் தீர்ந்துபோனால் என்ன செய்வது? சிங்கப்பூரில் எல்லாம் சரி, ஆனால் பக்கம். சொந்தக்காரர்கள் பையைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கிவிடுவார்கள்.

கடைசியில் கனடாவில் கால்கரி என்ற ஊரில் போய் நின்றான். அங்கே குளிர்காலத்தில் மைனஸ் இருபது, முப்பது என்று இறங்கும். ஆனால் நடுநடுவே மலைப்பக்கமிருந்து சினூக் என்று ஒரு வெப்பக் காற்று வீசும். ஒரே நாளில் பனி உருகி, ஆட்கள் வெறும் சட்டையோடு நடமாடுவார்கள். குளிரும் உண்டு, குளிருக்கு லீவும் உண்டு.

"கடவுளே டெஸ்ட் பண்ணி ரிலீஸ் பண்ண கிளைமேட்" என்று மனைவி பூங்கொடியிடம் சொன்னான்.

பூங்கொடி அப்போது தண்ணி லாரி வருகிறதா என்று பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கினி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது.

"இன்னிக்கு அங்க பன்னெண்டு டிகிரி பூங்கொடி. நடந்தே கடைக்குப் போய் வரலாம்."

"இங்க குடிக்கத் தண்ணி இல்ல. அந்த வாட்ச்மேனுக்கு ஒரு போன் போடு மொதல்ல."

பால்கனிக்குக் கொசுவலை அடிக்கவில்லை. ஒழுகுகிற குழாயை மாற்றவில்லை. விட்டுவிட்டுப் போகிற வீட்டுக்கு எதற்கு? பிள்ளை பெற்றுக்கொள்வதையும் அதே கணக்கில் சேர்த்தான். "அங்க போயிப் பாத்துக்கலாம். அங்க பொறந்தா அந்த ஊரு சிட்டிசன்." பார்த்துக்கொண்டே இருந்ததில் பூங்கொடிக்கு நாற்பது ஆகிவிட்டது. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

கனடாவுக்குப் போக மதிப்பெண் வேண்டும். படிப்புக்கு இவ்வளவு, வேலைக்கு இவ்வளவு, வயதுக்கு இவ்வளவு. முப்பதைத் தாண்டினால் வயதுக்கான மதிப்பெண் வருஷா வருஷம் குறையும். ஹரிஹரன் நாடுகளில் ஓட்டை தேடிக்கொண்டிருந்தபோது, ஓட்டை அவன் பிறந்த தேதியில் விழுந்துகொண்டிருந்தது. சோதிக்கிறவனை யார் சோதிப்பது?

விண்ணப்பத்தைப் போட்டுக் கொடுத்த ஏஜென்ட் ஒரு நாள் கூப்பிட்டு, "ஆல்மோஸ்ட் வந்துடுச்சு சார்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு ஹரிஹரன் வேலையை ராஜினாமா செய்தான். அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தான். அந்தப் பக்கத்து அடுக்ககங்களில் ஒரு வழக்கம் உண்டு: வெளிநாடு போகிறவர் வீட்டுச் சாமான்களைப் படம் எடுத்துக் குழுவில் போடுவார், அக்கம்பக்கத்தார் அரை மணி நேரத்தில் அள்ளிக்கொண்டு போவார்கள். சோபா ஏ பிளாக்குக்குப் போயிற்று, வாஷிங் மிஷின் சி பிளாக்குக்கு. மொட்டை மாடியில் பிரியாணி போட்டு வழியனுப்பு விழா நடந்தது. குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் தடிமனான குளிர்கோட்டு ஒன்றைப் பரிசாகக் கொடுத்து, அங்கேயே போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். கேளம்பாக்கத்து ஜூன் மாதத்தில் அதைப் போட்டுக்கொண்டு அவன் பத்து நிமிஷம் நன்றியுரை பேசினான்.

ஊருக்கும் போய் விடைபெற்று வந்தான். திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற ஊர். அப்பா முனிசாமி அங்கேதான், ரோட்டோரத்தில் கொஞ்சம் நிலத்தோடு. தங்கை அம்சா அதே ஊரில் வாழ்க்கைப்பட்டு அவரைப் பார்த்துக்கொண்டாள். அவள் புருஷன் பார்த்திபன் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறவன். "ஏர்போர்ட்டுக்கு நான் வந்து உட்டுட்டு வரேன் மச்சான்" என்றான். "வேணாம் மாப்ள, ஆபீஸ் கார் வருது" என்றான் ஹரிஹரன்.

எந்தக் காரும் வரவில்லை, இன்னொன்று வந்தது. மதிப்பெண் போதவில்லை என்று கனடாவிலிருந்து பதில் வந்தபோது, ஹரிஹரனும் பூங்கொடியும் காலி வீட்டில் பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டை வாடகைக்கு எடுத்தவர்களின் பீரோ லிப்டில் மேலே வந்துகொண்டிருந்தது.

"இப்ப எங்க போறது?" என்றாள் பூங்கொடி.

"நம்மள யாரும் பாக்காத ஊருக்கு."

அப்படித்தான் சிங்கப்பெருமாள் கோயிலுக்கு வந்தார்கள். கணக்கு சரியானதே. கேளம்பாக்கம் பக்கத்து ஓஎம்ஆரில் குடியிருக்கிறவனுக்கு இந்த ஜிஎஸ்டி ரோடு வேறு தேசம். செத்தாலும் இந்தப் பக்கம் வரமாட்டான். ஊர்ச்சனத்துக்கோ எல்லாக் காரியமும் செங்கல்பட்டோடு முடிந்துவிடும். பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் கிடங்கில் கம்ப்யூட்டர் பார்க்கிற வேலை கிடைத்தது. காலையில் தலையில் குல்லா, முகத்தில் மாஸ்க், பேட்டைக்குப் போகிற கூட்டத்தோடு கூட்டமாகக் கம்பெனி பஸ். ஒன்றிரண்டு மாதம் சமாளித்தால் அடுத்த சுற்றில் கிடைத்துவிடும் என்றான். அடுத்த சுற்றில் அவனுக்கு இன்னொரு வயது ஏறியிருந்தது.

ஹரிஹரனின் வெளிநாட்டு வாழ்க்கை அங்கே தொடங்கியது. முனிசாமி தினமும் காலையில் டீக்கடையிலிருந்து வாட்ஸ்அப்பில் போன் போடுவார். கடையில் இருக்கிற எல்லாரும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் பேசுவார்.

"டேய் அரி, இன்னிக்கு எம்மாங் குளுருடா?"

"மைனஸ் பதினெட்டு நைனா."

"கேட்டுக்கினியா? மைனஸு பதினெட்டாம்! மூக்கு கீக்கு வுழுந்துடப் போவுது, மூடிகினு போடா."

"சரி நைனா."

"ஏம்பா அரி," என்று கடைக்காரர் குரல் கொடுப்பார், "அங்க டீ ஆறாம இருக்க இன்னா பண்ணுவாங்கோ?"

ஹரிஹரன் படித்து வைத்திருந்ததையெல்லாம் சொல்வான். போனைச் செவியில் வைத்திருக்கும் நேரம் முழுக்க மின்விசிறி ஓடக்கூடாது; மைனஸ் பதினெட்டில் எவன் விசிறி போடுவான்? வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டச் சொட்டப் பனியை வர்ணிப்பான். முகம் பார்த்துப் பேசவேண்டும் என்று அம்சா அடம்பிடிக்கிற நாளில், பகல் வேளையில், அங்கே அப்போது ராத்திரி என்பதால், ஜன்னலில் கறுப்புச் சார்ட் ஒட்டி இரவாக்கிவிட்டு, குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டு உட்காருவான். பூங்கொடி அடுப்படியிலிருந்து, "வெறக பத்த வெக்கவா, குளுரு காயலாம்" என்பாள்.

பொங்கல் முடிந்த வாரம் ஒரு காலையில் முனிசாமி வழக்கம்போல் போன் போட்டார். ஹரிஹரன் அப்போது கம்பெனி பஸ்ஸில் இருந்தான். ஹாரன் சத்தம் கேட்கும் என்று எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது. அதையும் எடுக்கவில்லை. டீக்கடைக்காரர் கிளாஸைக் கொண்டுவந்து வைத்தபோது முனிசாமி பெஞ்சிலேயே சாய்ந்திருந்தார். போன் காதருகில் இருந்தது.

அரை மணி நேரத்தில் அம்சா கூப்பிட்டாள். இந்தத் தடவை எடுத்தான். தொழிற்சாலைக் கழிப்பறைக்குள் நின்று.

"அண்ணா... நைனா பூட்டுச்சுண்ணா..."

அவனுக்கு அழுகை வந்தது, நிஜமான அழுகை. ஆனால் வாய் பழகிப்போயிருந்தது. அழுதுகொண்டே, "இங்க பனிப்புயல் அம்சா, ஏர்போர்ட்டையே மூடிட்டாங்க" என்றது அந்த வாய்.

பார்த்திபன் போனை வாங்கினான். "மச்சான், நான் போன்ல உன் ஊரத்தான் பாத்துகினு கீறேன். ப்ளஸ் ஒம்போதுன்னு காட்டுது. இன்னாவோ காத்து வீசி நல்லா வெயிலு அடிச்சுதாமே?"

எந்தக் காற்றுக்காக அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தானோ, அந்தக் காற்று.

"அது... இப்பத்தான் நின்னுது மாப்ள."

"அப்ப கெளம்பி வா. ஒத்த ஆம்பளப் புள்ள நீ. நீ வந்து கொள்ளி வெக்கிற வரைக்கும் மாமாவ எடுக்கமாட்டோம். ஐஸ் பொட்டிக்குச் சொல்லிட்டேன்."

வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற வீடுகளில் இது இப்போது சாவுச்சடங்கில் சேர்ந்துபோன ஒன்று. பந்தல்காரர், பூக்காரர், ஐஸ் பெட்டிக்காரர்.

ஹரிஹரன் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினான். பூங்கொடி கேட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டாள். "வா. ஆட்டோ புடிச்சா ஒரு மணி நேரம்."

"போயி இன்னா சொல்றது?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். வுழுந்து அழு. மானம் போனா போவட்டும், அப்பன் மூஞ்சியாவது பாக்கலாம்ல?"

"ஒரு மணி நேரத்துல கனடாலேர்ந்து எப்படி வந்தேன்னு டீக்கட மொத்தமும் கேக்கும் பூங்கொடி. நைனா பேரும் சேந்து போயிடும்."

அவன் உட்கார்ந்து எடைபோட்டான்; அதுதான் அவனுக்குத் தெரிந்த வேலை. ஒரு பக்கம் அப்பா. இன்னொரு பக்கம் அப்பா ஊர் முழுக்கப் பேசித் திரிந்த மகன். கடைசியில் போனை எடுத்து, கால்கரியிலிருந்து எந்தெந்த விமானம் மாறி வரவேண்டும் என்று பார்த்து, இரண்டு நாளாகும் என்று தங்கைக்குச் செய்தி அனுப்பினான். பூங்கொடி செருப்பைக் கழற்றி வாசலில் விட்டெறிந்தாள்.

ஊரில் பெட்டிக்காரர் வயரைச் செருகி, குமிழைத் திருகிவிட்டுப் போனார். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் குளிர்தேசத்துக்குப் போனவர் முனிசாமிதான். மகன் இத்தனை மாதமாக வாயால் சொன்ன குளிரை அப்பா வாயைத் திறக்காமல் இரண்டு நாள் இருந்து பார்த்தார்.

அடுத்த நாள் ஹரிஹரன் விமானத்தில் இருக்கவேண்டிய நாள். ஆகவே போனை ஏரோப்ளேன் மோடில் போட்டான். மதியம் சிங்கப்பெருமாள் கோயிலில் கரண்ட் போயிற்று. எப்போதும் போகிறதுதான். ஆனால் ஊரிலும் போயிருந்தால்? பெட்டி என்ன ஆகும்? ஜெனரேட்டர் வைத்திருக்கிறார்களா? ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். போடமுடியாது, அவன் கடலுக்கு மேலே பறந்துகொண்டிருந்தான். நின்றுபோன விசிறிக்குக் கீழே, போனைக் கையில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் வரைக்கும் பறந்தான்.

"இப்ப எந்த நாட்டு மேல போவுது?" என்று பூங்கொடி கேட்டாள். சிரிக்காமல்தான் கேட்டாள்.

மூன்றாம் நாள் விடிகாலையில் இருவரும் குளிர்கோட்டும் பெட்டியுமாக மின்சார ரயில் ஏறித் திரிசூலத்தில் இறங்கி, விமான நிலையத்துக்குள் நடந்தார்கள். பார்த்திபன் வந்து அழைத்துப்போவதாகச் சொல்லியிருந்தான்; தடுக்க முடியவில்லை. ஏதோ ஒரு விமானத்துக் கூட்டம் வெளியே வந்தபோது, தூணுக்குப் பின்னாலிருந்து அதோடு கலந்துகொண்டார்கள். பக்கத்தில் வந்தவர்கள் வளைகுடாவிலிருந்து வந்த கொத்தனார்கள். இவன் கோட்டைப் பார்த்து ஒதுங்கி நடந்தார்கள்.

பார்த்திபன் கட்டிப்பிடித்து அழுதான். பெட்டியை வாங்கி வேனில் வைத்தான். தாம்பரம் தாண்டியதும் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

"ரயில்ல உக்கார எடம் கெடைச்சுதா மச்சான்? சிங்கப்பெருமாள் கோயில்லயே ஏறிட்டா கெடைக்குமே."

ஹரிஹரன் கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தான்.

"ஆடி மாசத்துலேர்ந்து ஸ்கூல் ட்ரிப்ப உட்டுட்டுக் கம்பெனி ட்ரிப்பு அடிச்சிகினு கீறேன். டெய்லி காலீல ஸ்டேஷன் பக்கம் உன்னப் பாக்குறேன். மூஞ்சிய மூடிகின, சரி. நடைய இன்னா போட்டு மூடுவ?"

"ஏன் சொல்லல?" என்றாள் பூங்கொடி பின்சீட்டிலிருந்து.

"சொல்லிட்டா தமாசு பூடுமே தங்கச்சி."

"அப்பறம் ஏண்ணே மாமாவ ரெண்டு நாளு பொட்டில போட்டீங்க?"

"ஒரு ராத்திரிகூடத் தாங்கமாட்டாரு, ஓடி வந்துடுவாருன்னு நெனச்சேன். மச்சான் இவ்ளோ கெட்டின்னு எனக்குத் தெரியாமப் போச்சி."

ஹரிஹரனுக்கு ஒரே ஒரு கேள்விதான் வந்தது. "நைனாவுக்குத் தெரியுமா மாப்ள?"

"அத நைனாகிட்டயே கேளு. வூட்லதான் கீறாரு."

வண்டலூர் வருவதற்குள் பார்த்திபன் விஷயத்துக்கு வந்துவிட்டான். அம்சாவுக்கு எதுவும் தெரியாது. அவள் அண்ணனை நினைத்துப் பெருமையாக இருக்கிறாள், அதை ஏன் கெடுக்கவேண்டும்? ஊருக்கும் தெரியவேண்டாம். காரியம் முடிந்ததும் ஹரிஹரன் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். "ரோட்டோரத்து நெலத்த அம்சா பேருக்கு மாத்திடு. உனுக்கு எதுக்கு மச்சான் அது? உனுக்குத்தான் இந்த ஊரு வெயிலு ஒத்துக்காதே. நீ பாட்டுக்கு கனடால கீறன்னே நான் சொல்லிகினு இருக்கேன். சாவுற வரைக்கும் சொல்றேன்."

கனடா அரசாங்கம் தர மறுத்த நிரந்தரக் குடியுரிமையைப் பார்த்திபன் தாம்பரத்துக்கும் வண்டலூருக்கும் நடுவில் கொடுத்துவிட்டான்.

வீட்டு வாசலில் வேன் நின்றதும் சனம் சூழ்ந்துகொண்டது. "பறந்து வந்துகீது பாரு புள்ள, கண்ணெல்லாம் எப்பிடி செவந்து கீது." அம்சா அவன் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். பெட்டியின் மூடியைத் திறந்தார்கள். கண்ணாடியில் படிந்திருந்த ஈரம் ஓடி வழிந்தது. ஹரிஹரன் குனிந்து அப்பாவின் நெற்றியில் கையை வைத்தான். வைத்த வேகத்தில் இழுத்துக்கொண்டான். இத்தனை வருஷம் டிகிரி டிகிரியாகப் படித்தவனுக்குக் குளிர் இப்படி இருக்கும் என்று தெரியாது. மறுபடியும் வைத்தான். இந்தத் தடவை எடுக்கவில்லை.

டீக்கடைக்காரர் தோளில் துண்டோடு பக்கத்தில் வந்து நின்றார். நல்ல மனுஷன், இரண்டு நாளாக அவர்தான் பெட்டிக்குக் காவல். கரண்ட் போன மதியம் சைக்கிளில் போய் ஐஸ் கட்டி வாங்கிவந்து போட்டவரும் அவர்தான். மெதுவாகக் கேட்டார்.

"அங்க இதவிடவாப்பா குளுரும்?"

எல்லாரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். பார்த்திபனும் பார்த்தான். அப்பாவின் நெற்றியிலிருந்து கையை எடுக்காமல் ஹரிஹரன், "ஆமாங்க" என்றான்.

கொள்ளி வைத்தான். காரியம் முடிந்தது. கையெழுத்துப் போட்டான். புறப்படுகிற அன்று அம்சா வேர்க்கடலை, எள்ளடை, நார்த்தங்காய் ஊறுகாய் எல்லாம் கட்டிக் கொடுத்தாள். கால்கரியில் கிடைக்காதே. தெருவே திரண்டு வந்து வழியனுப்பியது. வேன் செங்கல்பட்டைத் தாண்டி சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷன் பக்கம் ஓரங்கட்டி நின்றது.

"எறங்கு மச்சான். தெவசத்துக்கு உனுக்கு லீவு கெடைக்காது, அம்சாகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

ஹரிஹரன் மூட்டையோடு இறங்கினான். பூங்கொடி இறங்கவில்லை. அவள் பையை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்து சீட்டில் வைத்தாள்.

"திரும்பிப் போறப்ப என்னைச் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுல உட்டுடுங்கண்ணே. எங்க அம்மா வூட்டுக்குப் போறேன்."

பார்த்திபன் பின்பக்கம் திரும்பினான். "ஊர்ல கேட்டா இன்னா தங்கச்சி சொல்றது?"

"குளுரு ஒத்துக்கலன்னு சொல்லுங்க" என்று பூங்கொடி கதவை இழுத்துச் சாத்தினாள்.